குளவி நின்ற இடம்

தாஸ்புலாக் ரயில் நிலையம்
செப்டம்பர் 19, 1986

மதிப்பிற்குரிய தைசியா மிரோனவ்னா,

என்னை உங்களுக்குத் தெரியாது. முகாம் கடையில் ரொட்டி வரிசையில் இரண்டு மூன்று முறை உங்களுக்குப் பின்னால் நின்றிருப்பேன். பெயர் ரொதியோன் த்யாகுனவ், சீனியர் லெப்டினன்ட். ஜூலை 22ஆம் தேதி உங்கள் கணவர் கேப்டன் கிளெப் ஒசோகின் ஓட்டிவந்த ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியவன் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பத்தொன்பது நாள் ஆயிற்று.

அவர் பாதை தவறி, சுடும் பகுதிக்குள் நுழைந்துவிட்டார் என்று உங்களிடம் படித்துக் காட்டியிருப்பார்கள். அது பொய். அவர் விலகவில்லை. விலகியது நாங்கள்.

எங்கள் வண்டிக்குக் குளவி என்று பெயர். ஆறு சக்கரம். ராடாரும் ஆறு ஏவுகணையும் ஒரே முதுகில். மற்ற பீரங்கிகளைப் போல ஓரிடத்தில் நட்டுவைக்க வேண்டாம். ஓடும், நிற்கும், சுடும். அன்று காலைப் பயிற்சியில் வரைபடப்படி நாங்கள் முதல் குன்றுக்கு இந்தப் பக்கம் நின்று சுட வேண்டும். அந்த இடத்தை வைத்துத்தான் கேப்டனின் பாதையும் வரைந்திருந்தார்கள். ஆனால் மாஸ்கோவிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். கர்னல் லசூத்தின் அவர்களுக்கு எங்கள் ஓட்டத்தைக் காட்ட ஆசைப்பட்டார். ரேடியோவில் சொன்னார்: "அதுக்குச் சக்கரம் எதுக்கு வச்சிருக்கு? ரெண்டாவது குன்றத் தாண்டிப் போய் நின்னு அடிங்க."

ஆறு கிலோமீட்டர் போனோம். அங்கே நின்றபோது கேப்டனின் பாதை எங்கள் ஏவுகணைகளுக்கு நேராக வந்துவிட்டது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இலக்கு என்பது பாராசூட்டில் மெதுவாக இறங்கும் ஒரு பொருள். திரையில் மெதுவாக ஒரு புள்ளி வந்தது. 'நம்மவனா' என்று கேட்கும் கருவியைத் தட்டினேன். ஒருமுறை பதில் வந்தது போலிருந்தது, மறுமுறை வரவில்லை. சந்தேகமாயிருக்கிறது என்று கர்னலிடம் சொன்னேன். "வானத்துல வேற ஒண்ணும் இல்ல, லெப்டினன்ட். அது இலக்குதான். விருந்தாளிங்க காத்திருக்காங்க. அடி" என்றார்.

அடித்தேன்.

மறுநாள் புதுப் பதிவேடு ஒன்று கொண்டுவந்தார்கள். நாங்கள் முதல் குன்றிலிருந்தே சுட்டதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. உங்கள் கணவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்பதை உலகத்தில் ஒருவராவது உங்களிடம் சொல்ல வேண்டும். முகாமில் கடிதங்களைப் பிரிப்பார்கள். பதில் எழுத விரும்பினால் இந்த ரயில் நிலைய அஞ்சலகத்துக்கு என் பெயரிட்டு அனுப்புங்கள்.

ரொ. த்யாகுனவ்


கமீஷின்
அக்டோபர் 8, 1986

சீனியர் லெப்டினன்ட் த்யாகுனவ்,

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கும் ஆலைக்கு எடுத்துப்போய்க் கழிவறையில் நின்றுகொண்டு படித்தேன். வீட்டில் படிக்க இடமில்லை. என் அக்கா, அவள் கணவர், நான், என் மகள் வார்யா என்று நான்கு பேர் ஒரு அறையில் இருக்கிறோம்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். முகாம் வீட்டை இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அதுவரை என்னிடம் உப்பு கடன் வாங்கிய பெண்கள் படிக்கட்டில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். கிளெப்பை இங்கே, அவன் பிறந்த ஊரில் புதைத்தேன். ராணுவ மரியாதை கிடையாது. "சொந்தத் தப்பால செத்தவருக்கு வெடி போட மாட்டாங்க, சகோதரி" என்று உள்ளூர் ராணுவ அலுவலகத்தில் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். வார்யாவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் அவளிடம், 'உன் அப்பா குடித்துவிட்டா ஓட்டினார்?' என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யாரையோ அடித்துவிட்டு வந்தாள். நான் அவளை அடித்தேன்.

உங்களை அழவைக்க இதை எழுதவில்லை. இரண்டு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒன்று: அவனுக்கு வலித்திருக்குமா?

இரண்டு: எனக்கு எழுதியதை ராணுவ அரசு வழக்கறிஞருக்கு எப்போது எழுதப்போகிறீர்கள்?

தைசியா ஒசோகினா


தாஸ்புலாக்
அக்டோபர் 27, 1986

மதிப்பிற்குரிய தைசியா மிரோனவ்னா,

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. வெடித்தது விமானி அறைக்கு மிக அருகில். ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இருந்திருக்காது. உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. வெடிப்பின் தூரமும் வேகமும் எனக்குப் பாடம். விழுந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். அவர் கண்காணிப்பு நிலையங்களுக்கு ரொட்டியும் தபால் பைகளும் கொண்டுபோயிருக்கிறார். புல்வெளி முழுக்கக் கடிதங்கள் பறந்துகொண்டிருந்தன. என் வீரர்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். அவற்றில் ஒன்று எங்கள் ராடார் சார்ஜென்டுக்கு அவன் அம்மா எழுதியது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன்.

எனக்கு ஐந்து மாதக் குழந்தை. மனைவி ஜீனாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கர்னல் என்னைக் கூப்பிட்டு, "பட்டனை அமுக்குனது யாரு? நானா? நீ வாயத் தொறந்தா முதல்ல உள்ள போறது நீ. அப்புறம் உன் வண்டியில இருந்த நாலு பசங்களும். அடுத்த மாசம் ஊருக்குப் போக வேண்டிய பசங்க" என்றார். அவர் மிரட்டவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வண்டிக்குள் ஏறும்போது இப்போதெல்லாம் எனக்கு வாந்தி வருகிறது. வீரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நான் கோழை, தைசியா மிரோனவ்னா. அதை எழுதிக் கொடுக்க முடிகிறது. மற்றதை எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ரொ. த்யாகுனவ்


கமீஷின்
நவம்பர் 15, 1986

த்யாகுனவ்,

நீங்கள் கோழை என்று அறிவித்ததற்கு நன்றி. அதை வைத்து நான் என்ன செய்ய? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா?

உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. செத்தவனின் பெண்டாட்டி கிடைத்தாள். அவள் யாரிடம் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள், அதனால் ஆபத்தில்லை. உங்களுக்குக் குழந்தை இருக்கிறது. எனக்கு இருப்பது என்ன, பூனைக்குட்டியா?

உங்கள் முதல் கடிதத்தையே வழக்கறிஞருக்கு அனுப்பிவிட உறையில் போட்டேன். முகவரிகூட எழுதினேன். அஞ்சல் பெட்டிவரை போய்த் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று கேட்காதீர்கள்.

மாஸ்கோவுக்கு நான் மூன்று மனு எழுதியாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்: விசாரணை முடிந்துவிட்டது, வானிலை அறிக்கையையும் கணக்கில் எடுத்தே முடிவு செய்யப்பட்டது, மறுபரிசீலனைக்கு இடமில்லை.

இனி எனக்கு எழுதுவதானால் வழக்கறிஞரின் ரசீது எண்ணோடு எழுதுங்கள்.

தை. ஒசோகினா


தாஸ்புலாக்
டிசம்பர் 2, 1986

தைசியா மிரோனவ்னா,

ரசீது இல்லை. இருந்தும் எழுதுகிறேன்; கேட்காமல் இருக்க முடியாத ஒன்று இருக்கிறது.

நேற்று விசாரணைக் கோப்பை ஆவண அறைக்கு அனுப்பும் முன் ஒரு கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது தாள்களைப் புரட்டினேன். கேப்டன் பாதை தவறியதற்குக் காரணம் தூசு மூட்டம் என்று எழுதியிருக்கிறது. பார்வைத் தூரம் ஒன்றரை கிலோமீட்டராம்.

அன்று தூசே இல்லை. எங்களிடமிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியை வெறும் கண்ணால் பார்த்தேன்.

அந்த வானிலைத் தாளில் பணியிலிருந்த கண்காணிப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார். தை. ஒசோகினா.

நீங்கள் முகாம் விமானத்தளத்தில் வானிலைப் பிரிவில் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். அன்று காலைப் பணி உங்களுடையது என்பது தெரியாது. இரண்டு மாதமாக நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் கிடையாது. ஆனால் எனக்குப் புரியவில்லை. ஏன்?

ரொ. த்யாகுனவ்


கமீஷின்
டிசம்பர் 20, 1986

ரொதியோன் (மரியாதைக்குச் சேர்த்து எழுத உங்கள் தந்தை பெயர் தெரியாது),

அஞ்சல் பெட்டியிலிருந்து ஏன் திரும்பினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். கோப்பைத் திறந்தால் முதலில் வெளியே விழுவது என் தாள்தான்.

அவன் இறந்த மூன்றாம் நாள். ஜூலை வெயில். முகாமில் பிணவறை கிடையாது. உணவுக் கிடங்கின் குளிர் அறையில், வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவனை வைத்திருந்தார்கள். கர்னல் லசூத்தின் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு தாளை மேசையில் வைத்துச் சொன்னார்: "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. காகிதம் முடிஞ்சாத்தான் பெட்டிய ரயில்ல ஏத்த விடுவாங்க. இல்லன்னா மாஸ்கோலேருந்து ஆள் வந்து, திரும்ப அறுத்துப் பாத்து... ஒரு மாசம் ஆகும். அவர் அங்கேயே கிடப்பார். உனக்குச் சம்மதமா?"

நான் தாளைப் பார்த்தேன். காற்று, மேகம், பார்வைத் தூரம். பதினொரு வருஷமாக ஒவ்வொரு மணிக்கும் நான் நிரப்பிய அதே கட்டங்கள். எண்கள் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. என்னத்துக்கு அந்தத் தப்பு என்று யோசிக்கத் தெம்பில்லை. வெண்ணெய்ப் பெட்டிகள்தான் கண்ணில் நின்றன. போட்டேன். பெட்டி அன்றைக்கே ரயிலேறியது.

என் புருஷன் மேல் முதல் பிடி மண்ணைப் போட்டது நான்தான், கமீஷினில் இல்லை, அந்த மேசையில். இதே ஊரில் இருக்கும் என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், 'எவனோ ஒரு பாவி மூட்டம்னு எழுதிட்டான்' என்று சொல்லி அழுகிறாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் கர்னலுக்குத் தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் எடுக்கும் அளவுகளை நான் தாளில் எழுதுவதோடு, எண்களாக மாற்றி மாகாண வானிலை நிலையத்துக்குத் தந்தியும் அடிப்பேன். அன்று காலை பதினொரு மணித் தந்தியும் போனது. பார்வைத் தூரம் இருபது கிலோமீட்டர். அது அங்கே ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும். அதை எடுத்தால் கிளெப் மேல் பழி இல்லை. ஆனால் பொய்த் தாளில் கையெழுத்திட்டவள் நான் என்பதும் அதோடு சேர்ந்து வரும். என்னைப் பிடித்துப் போட்டால் வார்யாவை அநாதை விடுதிக்கு அனுப்புவார்கள். அக்கா வீட்டுக்காரர் இப்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களைக் கோழை என்று திட்டிய வாய் இது.

நேற்று ஆலை விட்டதும் வோல்காவுக்குப் போனேன். கரையோரம் உறைந்துவிட்டது, நடுவில் இன்னும் கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. கொஞ்ச தூரம் பனிமேல் நடந்து பார்த்தேன். தாங்குகிறது, ஒரு இடம் வரைக்கும். திரும்பி வந்து உருளைக்கிழங்கு உரித்தேன். இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தைசியா


தந்தி
டிசம்பர் 29, 1986

பனிமேல் போகாதீர்கள். இன்று காலை வழக்கறிஞரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ரசீது எண் 417. ரொதியோன்.


காவல் மருத்துவமனை
பிப்ரவரி 14, 1987

தைசியா மிரோனவ்னா,

இதை ஒரு துப்புரவுப் பணிப்பெண் வெளியே எடுத்துப்போய் அஞ்சலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

யாரும் என்னை நம்பவில்லை. முதல் வாரம் காவலறை. இப்போது மனநல வார்டு. "சுட்ட அதிர்ச்சியில மூளை கலங்கிருச்சு. ரெண்டாவது குன்று, மூணாவது குன்றுன்னு உளர்றான்" என்று கர்னல் விசாரணை அதிகாரியிடம் என் முன்னாலேயே சொன்னார். சொல்லும்போது என் தோளைத் தட்டினார். என் வண்டியில் இருந்த நால்வரும் நவம்பரிலேயே படையிலிருந்து விடுபட்டு ஊர் போய்விட்டார்கள். இருவரைக் கேட்டதற்கு, 'எதுவும் நினைவில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அதிகாரியை இரண்டாவது குன்றுக்குக் கூட்டிப்போனேன். ஏவுகணை கிளம்பிய இடத்தில் புல் கருகியிருக்கும், அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். இடுப்பளவு பனி. கைகளால் தோண்டினேன். அவர் சிகரெட் பிடித்து முடிக்கும்வரை என்னைத் தோண்டவிட்டார்.

ஜீனா குழந்தையோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கேட்டாள்: "அவளோட புருஷன் பேரக் காப்பாத்தணும். சரி. என் புருஷன?"

உங்கள் தாளைப் பற்றியும் தந்தியைப் பற்றியும் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உங்கள் முடிவு. மகளுக்காக நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலும் குற்றமில்லை.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதது. குளவியின் ஏவுகணை ரேடியோவுக்குக் கட்டுப்பட்டது. கிளம்பிய பின்னும் கீழேயிருந்து திருப்பலாம், நடுவழியில் வெடிக்கச் செய்யலாம். அன்று அது போய்ச் சேர பதினான்கு வினாடி. ஒன்பதாவது வினாடியில் கருவியில் பதில் வந்தது. இம்முறை தெளிவாக: நம்மவன். சார்ஜென்ட் "தோழர் லெப்டினன்ட்" என்று மட்டும் சொன்னான். ஐந்து வினாடி இருந்தது. என் கை விசைமேல் இருந்தது. என்னால் அதை அசைக்க முடியவில்லை. கர்னல் தடுக்கவில்லை, விருந்தினர்கள் தடுக்கவில்லை. அந்த ஐந்து வினாடி முழுக்க என்னுடையது.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ரொதியோன்


கமீஷின்
மார்ச் 30, 1987

ரொதியோன்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்ததும் உங்களை என் கையால் கொல்ல வேண்டும் என்றிருந்தது. இப்போதும் ஒரு நாளில் ஒரு முறையாவது அப்படி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு வராது.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கணவரைப் பார்த்து, "வார்யா இங்கதான் இருப்பா. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு" என்றாள். அன்று இரவே கிளம்பினேன். இரண்டு நாள் ரயில். வழக்கறிஞர் அலுவலக வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்தேன். நான்காம் நாள் உள்ளே விட்டார்கள். "அந்த வானிலைத் தாள் பொய். கையெழுத்துப் போட்டவ நான்" என்றேன். அதிகாரி தலையைத் தூக்கவில்லை. "நீயும் அதிர்ச்சியிலதான் இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

தந்தியைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

மாகாண நிலையத்தில் ஜூலை மாதக் கட்டை ஒரு வயதான பெண் பரணிலிருந்து இறக்கினாள். நூலைப் பல்லால் அவிழ்த்தாள். 22ஆம் தேதி, பதினொரு மணி. ஐந்து ஐந்து எண்களாக என் வரிசை. அதிகாரியால் படிக்க முடியவில்லை; அவள் படித்துச் சொன்னாள். காற்று தென்மேற்கு, வினாடிக்கு மூன்று மீட்டர். மேகம் இல்லை. பார்வைத் தூரம் இருபது. 'அன்னிக்கு நல்ல நாளு' என்றாள்.

கர்னலையும் என்னையும் நேருக்கு நேர் உட்காரவைத்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "நான் உனக்கு உதவிதானே செஞ்சேன், தைசியா. பெட்டி ரயிலேறுச்சா இல்லையா?" என்றார். ஏறியது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். மூட்டம் பொய்யென்றால் குன்றும் பொய்யாக இருக்கலாம் என்று அதிகாரிக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். அன்றே உங்கள் ராடார் சார்ஜென்டை நேரில் வரச்சொல்லி ஆணை போனது.

இந்த ஊரைவிட்டு எங்கும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

தைசியா


கமீஷின்
அக்டோபர் 3, 1987

ரொதியோன்,

உங்கள் சிறை முகாம் முகவரியை ஜீனாவிடமிருந்து வாங்கினேன். ஆமாம், அவளுக்கு எழுதினேன். நீங்கள் உள்ளே இருக்கப்போவது மூன்று வருஷம் என்றும், குழந்தை நடக்கிறது என்றும், உங்களை வந்து பார்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

நீதிமன்றத்தில் உங்கள் சார்ஜென்ட் எழுந்து பேசியதை என் வழக்கு முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். துர்க்மேனியாவிலிருந்து ஐந்து நாள் பயணம் செய்து வந்து, 'ரெண்டாவது குன்றுதான். வண்டி ஓடுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பயந்துதான் இல்லன்னு எழுதினேன்' என்றானாமே. கர்னலை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிறை இல்லை. பதக்கங்கள் அவரிடமேதான் இருக்கின்றன. இதில் நியாயம் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. எனக்கு ஒரு வருஷத் தண்டனை, நிறுத்திவைப்பு. வானிலை வேலைக்கு ஆயுளுக்கும் போகக் கூடாது. ஆலையில் நூல் பிரிக்கிறேன்.

போன வாரம் உள்ளூர் ராணுவ அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பழைய விசாரணை முடிவு ரத்து என்று படித்துக் காட்டினார்கள். வாத்தியம் இல்லை, கொடி இல்லை. ஒரு மேஜர், ஒரு தட்டச்சுப் பெண், நான். மேஜருக்கு ஜலதோஷம், நடுவில் இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். 'கேப்டன் ஒசோகின் தமக்குக் குறித்த பாதையில், குறித்த உயரத்தில், குறித்த நேரத்தில் பறந்துகொண்டிருந்தார்.' அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை. மாமியாரிடம் தாளைக் கொடுத்தேன். பிறகு, மூட்டம் என்று எழுதிய பாவி யார் என்பதையும் சொன்னேன். அவள் என்னோடு பேசுவதில்லை.

வார்யா அந்த வாக்கியத்தைத் தன் நோட்டில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து கேட்டாள்: "அப்பாவச் சுட்டவர்தான உண்மையச் சொன்னவரும்?" ஆமாம் என்றேன். "அப்ப அவர் நல்லவரா, கெட்டவரா?" தெரியாது என்றேன். "நானே பெரியவளானதும் போய்க் கேக்குறேன்" என்றாள்.

அவள் கேட்பாள். அவளை எனக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். என்னால் உங்களை மன்னிக்க முடியவில்லை. முயன்றும் பார்த்தேன். ஆனால் ஏழெட்டு வருஷம் கழித்து, கிளெப்பின் முகத்தோடு ஒரு பெண் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். கதவைத் திறங்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவள் கண்ணைப் பார்த்து, பதினான்கு வினாடியையும் சொல்லுங்கள். ஒன்பதோடு நிறுத்தாதீர்கள்.

தைசியா ஒசோகினா